வகுப்பாசிரியர் வரச் சொல்லியிருக்கிறார், போய் என்ன கதைப்பது?

கேள்வி கேட்ட தங்கச்சி முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவிப் பக்கம். மகன் தரம் 8. இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 34. ரிப்போட்டில் "கவனமில்லை" என்று எழுதி, வருகிற வெள்ளிக்கிழமை பெற்றார் சந்திப்புக்குக் கட்டாயம் வரும்படி வகுப்பாசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். போன முறை ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்று, மூன்று நிமிடம் பேச்சு வாங்கி, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாராம். "நான் 2008இல ஓ/எல் சோதினை எடுக்க இருந்தனான், இடம்பெயர்ந்ததோட படிப்பு நிண்டிட்டுது. ரீச்சரோட என்னத்தைக் கதைக்கிறது, என்னத்தைக் கேக்கிறது எண்டே தெரியேல்லை. இவர் வேலைக்குப் போயிடுவார், தனியத்தான் போகவேணும்" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, நான் 18 வருடமாக வன்னிப் பாடசாலைகளில்தான் படிப்பிக்கிறேன். வகுப்பாசிரியராக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம் வரிசையிலும் நின்றிருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்து எரிச்சலும் எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதுதானே.

முதலில் அந்தப் படிப்பு நின்ற கதை. இப்போது தரம் 6, 7, 8 பிள்ளைகளின் தாய் தகப்பன் என்று வருகிறவர்களில் எத்தனையோ பேர் 2006க்கும் 2009க்கும் இடையில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். மல்லாவி, துணுக்காய்ச் சனம் யுத்தத்தில் 2008 நடுப்பகுதியில் வெளிக்கிட்டு, அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு என்று பெட்டி படுக்கையோடு நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமில் போய் நின்றதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வயதுக்காரர்கள் பெற்றார் சந்திப்புக்கு வரும்போது நான் கவனித்த ஒன்று: வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே சீமெந்துத் தரை, தூசி, நாங்களெல்லாம் செருப்போடுதான் இருக்கிறோம். "உள்ளுக்கு வாங்கோ அம்மா, செருப்போட வாங்கோ" என்றால் சிரித்துவிட்டு வெறுங்காலோடு வந்து கதிரையின் நுனியில் இருப்பார்கள். அப்படி இருந்துகொண்டு நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றால், எனக்கும் சொல்வதற்குக் குறைதான் வாயில் வரும். குறை சொல்வது சுகமான வேலை.

ஆகவே நீங்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, ரீச்சருக்குத் தெரியாத பாதி உங்களிடம் இருக்கிறது. ஒரு பாடவேளை முக்கால் மணித்தியாலம்கூட வராது. அதில் 36 பிள்ளைகள் இருந்தால் உங்கள் மகனை மட்டும் பார்க்க எனக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம். அவன் எத்தனை மணிக்கு எழும்புகிறான், என்ன சாப்பிட்டுவிட்டு எத்தனை கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிறான், எந்தக் கொப்பியை ஆசையாக எடுக்கிறான், எதைக் கண்டால் வயிற்றுவலி வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கணிதம் தெரியாததற்காக நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஒரு அம்மா என்னிடம் நேராகவே சொன்னா: "ரீச்சர், எனக்குக் கணக்கு விளங்காது, என்ர பிள்ளையை விளங்கும்." அதற்குப் பிறகு அவவோடு கதைக்கும்போது நான் என் மொழியை மாற்றிக்கொண்டேன்.

ஏன் மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 36 பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 180 நிமிடம், முழுதாக 3 மணித்தியாலம். சந்திப்புக்கு ஒதுக்குவது இரண்டு மணித்தியாலம் இருந்தாலே பெரிது, அதிலும் முதல் அரை மணித்தியாலம் அதிபரின் உரையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கதையிலும் போய்விடும். இன்னொன்று, எங்கள் பக்கத்து ஆசிரியர்களில் நிறையப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். கிளிநொச்சிக்கு என்றாலே 60, 70 கிலோமீற்றர், முல்லைத்தீவுக்கு நூறுக்கு மேல். விடிய நாலரைக்கு எழும்பி வந்தவர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவர்களின் மனம் ஏ9 வீதியில் பஸ்சுக்கு நிற்கும். அந்த நேரத்தில் போய் "ரீச்சர், ஒரு அஞ்சு நிமிசம்" என்றால் நல்ல ரீச்சரும் சிடுசிடுப்பார். முடிந்தால் வரிசையின் முன்பாதியில் நிற்கப் பாருங்கள். ஏலாது என்றால், சந்திப்பு நாளில் பெயரைப் பதிந்து கையெழுத்தை வைத்துவிட்டு, "உங்களுக்குப் பாடம் இல்லாத ஒரு வேளை சொல்லுங்கோ, வேற நாள் வந்து பத்து நிமிசம் கதைக்கிறன்" என்று கேளுங்கள். இது முழுக்க நியாயமான கேள்வி, நான் ஒருவரையும் இதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை.

சரி, இப்போது ஆயத்தம். வியாழக்கிழமை இரவுக்கு விடாதீர்கள். இன்றைக்கோ நாளைக்கோ ஒரு பின்னேரம், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாயை விரித்து அவனுடைய புத்தகப் பையை அப்படியே கொட்டுங்கள். சோதனை போடுகிற மாதிரிச் செய்யாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "எதை முதல் பார்ப்பம்?" என்று அவனையே எடுக்கச் சொல்லுங்கள். கணிதக் கொப்பியில் கணக்குச் சரியோ பிழையோ என்று பார்க்க வேண்டாம், திகதிகளைப் பாருங்கள். பத்து நாள் திகதியே இல்லாமல் இருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: அவன் பள்ளிக்குப் போகவில்லை, அல்லது ரீச்சர் வரவில்லை, அல்லது பாடம் நடந்தும் இவன் எழுதவில்லை. ரிப்போட்டில் வரவு நாட்கள் எத்தனை என்று போட்டிருக்கும், அதோடு ஒப்பிட்டால் முதலாவதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு, எழுதிய பக்கங்களில் பாதியில் நின்ற வசனங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி நாலு வரி இல்லை என்றால் அவன் மெதுவாக எழுதுகிறான், அல்லது பலகை தெரியவில்லை, அதற்குள் பலகையை அழித்துவிடுகிறார்கள். சிவப்புப் பேனையால் திருத்திய இடங்களில் அவன் திரும்பச் செய்திருக்கிறானா என்றும் ஒரு பார்வை. கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள், பாடம் நடக்கும்போது பிள்ளை உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அங்கேதான் இருக்கும். என் மகனின் கடைசிப் பக்கம் முழுவதும் கிரிக்கெட் ஸ்கோர்.

கொப்பி பார்த்து முடிய அவனிடம் கேளுங்கள்: "வெள்ளிக்கிழமை ரீச்சர் என்ன சொல்லுவா எண்டு நினைக்கிறாய்?" பதிமூன்று வயதுப் பிள்ளை முதலில் தோளைக் குலுக்கும். பொறுங்கள். "எந்தப் பாடவேளை போகவே மாட்டன் எண்டு நிக்கும்?", "வகுப்பில ஆருக்குப் பக்கத்தில இருக்கிறாய்?", "நான் ரீச்சரிட்ட உனக்காக ஒண்டு கேக்கிறதெண்டா என்ன கேக்க?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பல நேரம் முழுக் கதையையும் திறக்கும். சில பிள்ளைகள் "என்னை முன் வாங்குக்கு மாத்தச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லும். அதற்குள் பெரிய விசயம் இருக்கும்.

அந்தக் கண் விசயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கவனமில்லை" என்று ரிப்போட்டில் எழுதப்பட்ட பிள்ளைகளில் பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். சொல்ல வெட்கம், கண்ணாடி போட்டால் பட்டப்பெயர் வைப்பார்கள் என்ற பயம். பாடசாலைக்கு வரும் மருத்துவப் பரிசோதனை வழமையாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். உங்கள் மகனுக்குப் போன வருடம் நடந்திருக்க வேண்டும், அன்றைக்கு அவன் பள்ளிக்குப் போனானா என்று கேளுங்கள். வீட்டிலேயே சுவரில் ஒரு கலண்டரை மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்து எழுத்தை வாசிக்கச் சொன்னால் உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும் அல்லது தீரும். சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அது ரீச்சர் செய்யக்கூடிய வேலை இல்லை.

இப்போது அந்த 34. ஓ/எல் கணக்குப்படி 35க்குத்தான் எஸ், அதாவது சாதாரண சித்தி, 34 என்றால் டபிள்யூ, சித்தியில்லை, ஒரு புள்ளியில் ஆள் கீழே. ஆனால் இது தவணைப் பரீட்சை, அதுவும் தரம் 8. அந்தப் புள்ளியைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல ஏலாது. வகுப்புச் சராசரி 30 என்றால் தாள் கடுமை அல்லது பாடமே முடிக்கவில்லை. சராசரி 60 என்றால் உங்கள் மகனுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. முதலாம் தவணையில் 52 எடுத்தவன் 34க்கு வந்திருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது, எப்போதும் 33, 34 என்றால் அது பழைய தரம் 5, 6இல் விட்ட ஓட்டை. மூன்றும் மூன்று கதை. ஆனால் எங்கள் ஆட்கள் ரிப்போட்டைக் கையில் எடுத்தவுடன் கேட்பது "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான். 19ஆம் பிள்ளை என்றால் முகம் சுருங்கும், 5ஆம் பிள்ளை என்றால் மேலே ஒன்றும் பார்க்கமாட்டார்கள். 22 பேர் உள்ள வகுப்பில் 5ஆம் பிள்ளையாக வந்து கணிதத்தில் 40 எடுத்தவனும் இருக்கிறான். எத்தனையாம் பிள்ளை என்பதைக் கொஞ்சநாள் மறந்துவிடுங்கள், சராசரியைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரியது விடைத்தாள். "ரீச்சர், அவன்ர கணிதப் பேப்பரை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேளுங்கள். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதத் தொடங்கினேன் என்று சொன்னாலும் பிழையில்லை. சில வருடத்துக்கு முன் என் வகுப்பில் இப்படித்தான் முப்பதுகளில் ஒரு பிள்ளை. தாய் விடைத்தாளைக் கேட்டா, நானும் அப்போதுதான் முழுத்தாளையும் நிதானமாகப் புரட்டினேன். "250இன் 20 சதவீதம் காண்க" என்ற மாதிரி நேரடிக் கேள்விகளுக்கெல்லாம் வடிவாகச் செய்து 50 என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே கணக்கு வசனமாக வருகிறது: ஒருவர் தோட்டத்தில் 250 கன்றுகள் நட்டார், அவற்றில் 20 சதவீதம் பட்டுப்போயின, எஞ்சியவை எத்தனை. வெறும் இடம். அதற்குக் கீழேயும் வசனக் கணக்குகள் எல்லாம் வெறும் இடம். பேனை வைத்த அடையாளமே இல்லை. பிள்ளைக்குக் கணக்கு வரும், தமிழ் வாசிக்க வராது. வாசிக்க வரும், ஆனால் இரண்டு வரி நீளமான வசனத்தை வாசித்து, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பிடிக்க வராது. நான் ஒரு வருடமாக "கணிதத்தில் பலவீனம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன், தாய் கணித ரியூசனுக்கு மாதா மாதம் காசு கட்டிக்கொண்டிருந்தா. இரண்டு பேரும் பிழையான கிணற்றில் தண்ணி அள்ளியிருக்கிறோம்.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, பேப்பரைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இதுவாக இருந்தால், ஓ/எல் எடுக்காமல் விட்ட நீங்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பத்திரிகையோ, வரலாற்றுப் புத்தகமோ, சத்தமாக வாசிக்க விட்டு, "இப்ப வாசிச்சதை எனக்கு விளங்கச் சொல்லு பாப்பம், நான் கேக்கேல்லை" என்று அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கலாம்.

"கவனமில்லை" என்ற சொல்லுக்கு வருவோம். கவனமில்லை, குழப்படி, சோம்பல், விளையாட்டுப் புத்தி. இவை நாங்கள் முத்திரை மாதிரிக் குத்துகிற சொற்கள், 36 ரிப்போட் எழுதும்போது கை தானாகப் போகும். அதைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டு வராதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். மெதுவாக, "எப்ப ரீச்சர்? எந்தப் பாடத்தில கூட? காலமையோ, இடைவேளைக்குப் பிறகோ? ஆரோட இருக்கேக்க?" என்று கேளுங்கள். ஒரு நாள் நடந்ததை ஒன்று சொல்லச் சொல்லுங்கள். அப்போது ரீச்சரும் யோசிக்க வேண்டி வரும், யோசித்தால் உண்மையான ஒன்று வெளியே வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், என் பிழைதான். ஒரு தை மாதம். தரம் 9 பொடியன் ஒருவன் இரண்டாம் பாடவேளைக்கே வாங்கில் தலை வைத்துவிடுவான். இரண்டு முறை எழுப்பி முகம் கழுவ விட்டேன், மூன்றாம் முறை கொப்பியில் சிவப்பால் "வகுப்பில் நித்திரை. பெற்றார் கவனிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். தாய் வந்தா. கையில் கொப்பி ஒற்றையை நாலாக மடித்து வைத்திருந்தா, அதில் மூத்த மகளைக் கொண்டு எழுதுவித்த மூன்று வரி. முதல் வரி, "எத்தனையாம் பாடத்துக்கு நித்திரை கொள்கிறான்?" நான் சொன்னேன், காலையிலேயே என்று. அவ கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலபோக வெள்ளாமை கதிர் முத்தி நிக்குது ரீச்சர், யானை இறங்குது, தகப்பனுக்குக் கால் ஏலாது, அவன்தான் மாமனோட காவலுக்குப் போறவன், விடிய நாலு மணிக்குத்தான் வந்து படுப்பான்" என்றா. விடிய விடியக் கொட்டிலில் இருந்து வெடி போட்டுவிட்டு, குளித்து, வெள்ளை உடுப்புப் போட்டு, ஏழரை மணிக்கு என் முன்னால் வந்து இருந்திருக்கிறான். நான் முகம் கழுவ விட்டிருக்கிறேன். பிறகு என்ன செய்தோம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, அறுவடை முடியும் வரை கிழமையில் இரண்டு இரவு மட்டும் காவலுக்கு அனுப்புவது என்று மாமனோடு கதைத்து முடிவெடுத்தார்கள், நான் அந்த ஒரு மாதம் அவனிடம் வீட்டுவேலை கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் நான் அவனைச் சோம்பேறி என்றே தரம் 10 ஆசிரியரிடமும் ஒப்படைத்திருப்பேன்.

அதனால் நீங்களும் ஒரு ஒற்றையில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், நேரம் காணாது. எழுதிய தாளைப் பார்த்து வாசிக்க ஒரு வெட்கமும் வேண்டாம், தாளோடு வரும் தாயைக் கண்டால் நாங்கள் கதிரையில் நிமிர்ந்து இருப்போம், உண்மையாகத்தான் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு என்றால் நான் எழுதக்கூடியவை: கணித விடைத்தாளைப் பார்க்கலாமா, வகுப்புச் சராசரி என்ன. கவனமில்லை என்பது எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில். நான் வீட்டில் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன. அந்தக் கடைசிக்கு "படிக்கச் சொல்லுங்கோ" என்று பதில் வந்தால் விடாதீர்கள், "எந்த அலகை, எந்தப் புத்தகத்தில, ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று இன்னொருக்கால் கேளுங்கள்.

போய் இருந்தவுடன் முதலில் பிள்ளையின் முழுப்பெயரையும் எந்த வாங்கில் இருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். என் மகளின் சந்திப்புக்கு நான் போனபோது, எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம், அந்த ரீச்சர் இரண்டு நிமிடமாக என் பிள்ளை நடனத்துக்கு வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தா. என் மகள் எடுப்பது சித்திரம். அதே பெயரில் வகுப்பில் இன்னொரு பிள்ளை. ஆசிரியராக இருக்கும் நானே வாய் திறந்து சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தேன் என்றால் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். "கண் ரெண்டையும் விட்டிட்டு மற்ற எல்லா இடமும் அடியுங்கோ ரீச்சர், நான் ஒண்டும் கேக்கமாட்டன்." ஒவ்வொரு சந்திப்பிலும் குறைந்தது நாலு பேர் இதைச் சொல்வார்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மரியாதைக்குச் சொல்கிறார்கள், எனக்கு விளங்குகிறது, எங்கள் அப்பாவும் சொன்னவர். ஆனால் பாடசாலையில் அடிப்பது தடை, 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள், இருந்தும் அடி நிற்காத இடங்கள் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னால், அடிக்கிற பழக்கமுள்ள ஒருவருக்குக் கையெழுத்துப் போட்ட அனுமதி கொடுக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு, இனி அடி விழுந்தாலும் வீட்டில் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று விளங்கிவிடும். அடியைவிட மோசமான ஒன்று நடந்தாலும் அது வாய் திறக்காது. அப்படி ஏதும் உங்கள் காதுக்கு வந்தால் அதிபரிடம் போங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கும் எடுக்கலாம், காசு போகாது.

வீட்டு விசயங்களை எவ்வளவு சொல்வது என்றும் தயங்குவீர்கள். கடன், குடி, தாய் தகப்பன் பிரிவு, தகப்பன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பாதது, இதையெல்லாம் பின்னால் பத்துப்பேர் வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு கதை முறிகண்டியில் சொன்னால் அது நெடுங்கேணிக்கு உங்களுக்கு முன் போய்ச் சேரும். "வீட்டில கொஞ்சம் பிரச்சினை, ஆறு மாதமா, பிள்ளைக்கு நித்திரை குறைவு" என்ற அளவு போதும். மிச்சம் கதைக்க வேண்டும் என்றால் தனியாக நேரம் கேளுங்கள். வகுப்பு வட்சப் குழுவில் பிள்ளையின் புள்ளியையோ ரீச்சரின் குறையையோ போட வேண்டாம், போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிறகு படும் பாடு தனி.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் சூடானது, ஆனால் கேட்டே ஆக வேண்டும். இந்தத் தவணை கணிதப் பாடம் ஒழுங்காக நடந்ததா? எங்கள் உட்பக்கப் பாடசாலைகளில் கணிதம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பதிலுக்கு ஆள் வரத் தவணைகள் எடுக்கும், இடையில் வேறு பாட ஆசிரியர் சமாளிப்பார். கொப்பியில் திகதி இல்லாத அந்தப் பத்து நாள் அதுவாக இருந்தால், 34க்கு உங்கள் மகன் மட்டும் பொறுப்பில்லை. வகுப்பாசிரியரிடம் "ஏன் ரீச்சர் படிப்பிக்கேல்லை" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. "கணிதத்துக்கு இப்ப ஆர் வாறவை, எத்தனை அலகு முடிஞ்சுது" என்று மட்டும் கேளுங்கள். ஆளே இல்லை என்று தெரிந்தால், நாலைந்து பெற்றாராகச் சேர்ந்து அதிபருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கொடுத்த திகதியைப் போட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அசைவு இல்லை என்றால் அதே பிரதியோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம், உங்கள் பக்கம் துணுக்காய் வலயம்தானே. தனி ஆளாகப் போனால் குறை சொல்ல வந்தவர், பத்துக் கையெழுத்தோடு போனால் பெற்றார்.

ரியூசனுக்குப் போடச் சொல்லி வகுப்பாசிரியர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம், எந்தக் குறைக்காக என்று கேட்டுவிட்டு வாருங்கள். சங்கக் காசு, சுற்றுமதில் காசு என்று கேட்டால் இது வேறு கதை, பிள்ளையின் கதை முடியட்டும் என்று சொல்லலாம். ஓ/எல் பாடத்தெரிவு தரம் 10இல்தான், கட்டாயப் பாடம் ஆறு, தெரிவுப் பாடம் மூன்று, இப்போது அதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் உங்கள் பள்ளிக்கூடம் தரம் 11 வரை மட்டுமா, உயர்தரம் உண்டா, உண்டென்றால் விஞ்ஞானப் பிரிவு உண்டா என்று இப்போதே தெரிந்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

கணவர் வர ஏலாதது பெரிய குறை இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு அம்மம்மாதான் வருகிறா. பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு கதைப்பதா என்றால், தரம் 8க்கு நான் பாதி பாதி என்பேன்: முதலில் நீங்கள் தனியாக, கடைசி ஒரு நிமிடம் அவனையும் கூப்பிட்டு, என்ன முடிவெடுத்தோம் என்று ரீச்சர் வாயாலேயே அவனுக்குச் சொல்ல விடுங்கள். எழும்பும்போது, "மூண்டு கிழமையால வந்து ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கேட்டுத் திகதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கண்ட பெற்றாரில் இரண்டாம் முறை தானாக வந்தவர்கள் ஒரு கை விரலில் எண்ணக்கூடியவர்கள், அவர்களின் பிள்ளைகளின் பெயர் மட்டும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்குப் பின்னேரம் அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். முதலில் சாப்பாட்டைப் போடுங்கள். ரீச்சர் சொன்ன நல்லது ஒன்று இருக்குமே, அதைச் சொல்லுங்கள், ஒன்றும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், "இவனிட்ட நல்லது எண்டு என்ன இருக்கு ரீச்சர்?" என்று. பிறகு இரவுக்கு விடைத்தாள் கதையை எடுக்கலாம். வெள்ளிக்கிழமை போய் வந்து என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள், அந்த வசனக் கணக்குகளில் பேனை வைத்திருக்கிறானா இல்லையா என்று எனக்கும் தெரிய ஆசை.